பழைய பிக்கப் கேபினில் இரைச்சல்: அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்வது

ராமநாதபுரம் மாவட்டம் மண்டபத்தில் இருந்து மதுரைக்கு இரவு மீன் லோடு ஓட்டிய வருஷங்களில், மார்க்கெட்டில் வண்டியை அணைத்த பிறகும் காதுக்குள் வண்டு சுற்றுவது போலவே இருக்கும். வீட்டில் சாதாரணமாகப் பேசினாலே "ஏன் கத்துறீங்க" என்பார்கள். 85 டெசிபல் இரைச்சலில் தினமும் 8 மணி நேரம் இருந்தால் காது கெட ஆரம்பிக்கும். பழைய டீசல் பிக்கப்பில் கண்ணாடியை ஏற்றி ஓட்டினாலும் அந்த அளவைத் தொடுவதும் உண்டு. என் வண்டியில் தொடங்கி, கூட ஓடும் டிரைவர்கள் வண்டி, மச்சான் வண்டி என்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்துக் கற்றதை இங்கே எழுதுகிறேன்.

எல்லோரும் முதலில் கேட்பது "என்ன ஷீட் ஒட்டலாம்?" என்பதுதான். தகட்டில் ஒட்டிச் சத்தத்தை அடக்கும் அந்த ஷீட் கடைசி வேலை. பாதி வண்டிகளில் ஓட்டையை அடைத்து, ஆடுவதை முறுக்கியதுமே பெரிய வித்தியாசம் தெரிந்துவிடும். இன்னொன்று, சில சத்தங்கள் வண்டி கொடுக்கும் எச்சரிக்கை. அவற்றை ஷீட் போட்டு மூடினால் ஆபத்தைத்தான் மூடுகிறோம்.

## முதலில் கால் மணி நேரம் ஓட்டிப் பாருங்கள்

லோடு இல்லாமல், அதிகாலையில், வண்டி நடமாட்டம் இல்லாத நேர் ரோட்டில் செய்யுங்கள். நான் உச்சிப்புளி தாண்டிப் போவேன். பக்கத்தில் இன்னொருவர் இருந்தால் நல்லது. அவர் காதால் தேடட்டும், நீங்கள் ரோட்டைப் பாருங்கள்.

வண்டி நிற்கும்போது ஆக்சிலரேட்டரை மிதித்துக் கேளுங்கள். அப்புறம் டாப் கியரில் 50, 60 வேகத்தில் ஓட்டிக் கேளுங்கள். அதே வேகத்தில் நியூட்ரலுக்குத் தள்ளி, வண்டி தானாக உருளும்போது கேளுங்கள். சாவியை மட்டும் அணைத்துவிடாதீர்கள். பிரேக் பூஸ்டர் உதவாது, ஸ்டியரிங்கும் பூட்டிக்கொள்ளலாம்.

நிற்கும்போதே இரைந்தால் அது என்ஜின் பக்கம். நியூட்ரலில் உருளும்போதும் இரைச்சல் அப்படியே இருந்தால் டயர், பேரிங், காற்று. பள்ளத்தில் மட்டும் கேட்டால் ஏதோ லூசாக இருக்கிறது. செல்போனில் சத்தம் அளக்கும் செயலி ஒன்றைப் போட்டு எண்ணைக் குறித்துவையுங்கள். துல்லியம் இருக்காது, ஆனால் வேலைக்கு முன்னும் பின்னும் ஒப்பிட உதவும்.

## நிற்கும்போதே இரைகிறது, மிதித்தால் கூடுகிறது

காசே இல்லாமல் பார்ப்பது. இரவில் ஒருவர் பானட்டைத் திறந்து, கேபினுக்கும் என்ஜினுக்கும் நடுவில் உள்ள தகட்டின் மேல் டார்ச் அடிக்கட்டும். நீங்கள் உள்ளே இருட்டில் டேஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டுப் பாருங்கள். வெளிச்சம் வரும் இடமெல்லாம் சத்தம் வரும் இடம். கிளட்ச் கேபிள் நுழையும் ஓட்டை, வயர் கட்டு நுழையும் ஓட்டை, எப்போதோ யாரோ ஹாரனுக்கு வயர் இழுக்கப் போட்ட துளை. பழைய வண்டியில் இப்படி நாலைந்தாவது இருக்கும். வயர் போகும் ஓட்டைக்கு அளவான குரோமெட் (ஓட்டை விளிம்பில் மாட்டும் ரப்பர் வளையம்) போடுங்கள். வயர் போகாத ஓட்டைக்கு ரப்பர் மூடி. வயரை அழுத்திக்கொண்டு எம்-சீல் வைத்து அடைக்காதீர்கள். அதிர்வில் வயர் தோல் உரியும்.

கியர் லீவர் பூட். எனக்குத் தெரிந்து அதிகம் சத்தம் விடும் ஒற்றை இடம் இதுதான். மேலே ரெக்சின் உறை அழகாக இருக்கும், உள்ளே ரப்பர் பூட் கிழிந்து கிடக்கும். கையை வைத்தால் சூடான காற்று அடிக்கும். புது பூட் சில நூறு ரூபாய்க்குள் முடியும். விளிம்பில் உள்ள தகட்டு வளையத்தின் ஸ்க்ரூ எல்லாம் இருக்கிறதா என்று பாருங்கள்.

சீட்டுக்கு அடியில் என்ஜின் இருக்கும் வண்டி என்றால் என்ஜின் மூடியைச் சுற்றி ஓடும் ரப்பர்தான் எல்லாம். சாக்பீஸை ரப்பர் மேல் தேய்த்து, மூடியைப் பூட்டித் திறந்து பாருங்கள். எதிர்ப் பக்கத்தில் கோடு விட்டுப்போன இடத்தில் ரப்பர் தொடவில்லை. கொக்கியை இறுக்கிப் பாருங்கள், இல்லையென்றால் ரப்பரை மாற்றுங்கள்.

புகை வழி. மேனிஃபோல்டு (என்ஜினில் புகைக்குழாய் தொடங்கும் இடம்) பேக்கிங் போனால் 'சிக் சிக்' என்று ஒரு சத்தம், மிதிக்கும்போது கூடும். இணைப்பைச் சுற்றிக் கரி படிந்திருக்கும். சைலன்சர் குழாயில் துளை இருந்தால் அடியிலிருந்து உறுமும். நம் பக்கத்தில் சைலன்சர் சீக்கிரம் இற்றுப்போகும். உப்புக் காற்று வெளியில் இருந்து அரிக்கும், ஐஸ் தண்ணீர் மேலிருந்து சொட்டும்.

கேபினுக்குள் புகை வாடை வந்தாலோ, ஓட்டும்போது காரணமில்லாமல் தலைவலியும் தூக்கமும் வந்தாலோ இந்த வேலையை அங்கேயே நிறுத்துங்கள். கண்ணாடியை இறக்கிக்கொண்டு நேராக மெக்கானிக்கிடம் போங்கள். புகைக் கசிவைச் சரிசெய்யாமல் எதையும் அடைக்கக் கூடாது.

என்ஜின் மவுண்டிங், அதாவது என்ஜினைத் தாங்கும் ரப்பர். ஐடிலிங்கில் ஸ்டியரிங்கும் சீட்டும் சேர்ந்து நடுங்கினால் இது. வண்டிக்கு முன்னால் யாரும் இல்லாமல் பார்த்துக்கொண்டு, ஹேண்ட் பிரேக் போட்டு, கால் பிரேக்கையும் மிதித்து, முதல் கியரில் கிளட்சை மெல்ல விட்டு என்ஜின் திணறும் இடத்தில் ஒருவரைப் பிடிக்கச் சொல்லுங்கள். நீங்கள் பக்கவாட்டில் நின்று பாருங்கள். என்ஜின் ஒரு பக்கமாகத் தூக்கிக்கொண்டு எழுந்தால் ரப்பர் போய்விட்டது. மாற்றுவது மெக்கானிக் வேலை, என்ஜினைத் தாங்கிப் பிடித்துத்தான் கழற்ற வேண்டும்.

இவ்வளவும் சரியான பிறகுதான் உள்பக்கத் தகட்டில் ஷீட். என்ஜின் பக்கத்தில் சாதாரண ஃபோம், ரெக்சின், துணி எதுவும் வேண்டாம். தீப்பிடிக்கும்.

## குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் 'பூம்' என்று காதை அடைக்கிறது

சத்தம் வரும் வேகத்தைப் பிடியுங்கள். அதே வேகத்தில் ஒரு கியர் குறையுங்கள்.

*கியர் மாறியதும் சத்தம் போய்விட்டால்* அது என்ஜின் சுற்றோடு சேர்ந்தது. சைலன்சர் தொங்கும் ரப்பரைப் பாருங்கள். அறுந்திருந்தால் குழாய் சேஸிஸைத் தொடும், தொட்ட இடம் பளபளவென்று தேய்ந்திருக்கும். ரப்பர் மாற்றினால் முடிந்தது. அதுவும் இல்லையென்றால் மேலே சொன்ன மவுண்டிங்.

*கியர் மாறினாலும் சத்தம் அதே வேகத்தில் தொடர்ந்தால்* ஜாயிண்ட் ஷாஃப்ட் (கியர் பாக்ஸில் இருந்து பின் ஆக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டு) அல்லது சக்கரம். சக்கர பேலன்ஸிங் மலிவு, அதை முதலில் பாருங்கள். அப்புறம் சமதளத்தில் வண்டியை நிறுத்தி, சக்கரத்துக்கு முட்டுக்கல் வைத்து, ஷாஃப்டைக் கையால் பிடித்துத் திருகுங்கள். கிராஸில் (ஷாஃப்டின் சிலுவை வடிவ மூட்டில்) 'டக்' என்று ஆட்டம் இருந்தால் மாற்ற வேண்டும். நடு பேரிங் உள்ள வண்டியில் அதைத் தாங்கும் ரப்பர் கிழிந்து தொங்குவதும் உண்டு. கிராஸ் மாற்றும்போது ஷாஃப்டில் உள்ள குறிகளை ஒன்றுக்கொன்று நேராக வைத்து மாட்டச் சொல்லுங்கள். மாற்றி மாட்டினால் புது கிராஸிலும் அதிர்வு இருக்கும்.

## நியூட்ரலில் உருளும்போதும் ஊளை நிற்கவில்லை

புதுத் தார் ரோட்டில் குறைந்து, பழைய ரோட்டில் கூடினால் டயர். உள்ளங்கையை டயர் மேல் தடவிப் பாருங்கள், மேடும் பள்ளமுமாக இருந்தால் அலைன்மென்ட் அல்லது ஷாக் அப்சார்பர் கோளாறு. பின் சக்கரத்தில் பெரிய கட்டை போட்ட டயர் இருந்தால் அது இரையத்தான் செய்யும். தார் ரோட்டிலேயே ஓடும் வண்டிக்கு அது தேவையும் இல்லை. அடுத்த செட் மாற்றும்போது நீளவாக்கில் கோடு போட்ட டயருக்கு மாறுங்கள்.

ரோடு எதுவானாலும் ஒரே ஊளை, வளைவில் மட்டும் மாறுகிறது என்றால் வீல் பேரிங். வலது பக்கம் திருப்பும்போது கூடினால் பெரும்பாலும் இடது சக்கரம், இடது பக்கம் திருப்பினால் வலது. ஜாக்கியில் ஏற்றி, ஸ்டாண்டு வைத்து, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டமோ, சுற்றும்போது கரகரப்போ இருந்தால் அன்றைக்கே மெக்கானிக்கிடம் விடுங்கள். கடற்கரை மணலிலும் தண்ணீரிலும் இறங்கும் வண்டியில் பேரிங் கிரீஸ் சீக்கிரம் கெட்டுவிடும்.

மிதிக்கும்போது ஒரு குரல், காலை எடுத்தால் வேறு குரல் என்றால் பின்னால் கிரவுன் (பின் ஆக்சில் நடுவில் உள்ள பல்சக்கரம்). முதலில் ஆயில் அளவைப் பாருங்கள். ஆயில் சரியாக இருந்தும் ஊளை இருந்தால் அனுபவமுள்ள ஒருவர் திறந்து பார்க்க வேண்டும். செலவு பெரிது, ஆனால் நடுரோட்டில் கிரவுன் பூட்டிக்கொண்டால் அதைவிடப் பெரிது.

## பாலத்தில் ஏறியதும் விசில் அடிக்கிறது

பாம்பன் சாலைப் பாலம் நல்ல சோதனைச் சாலை. இரண்டு கிலோமீட்டருக்கு மேல் இருபுறமும் மறைப்பே கிடையாது. ஆனி, ஆடியில் தென்மேற்கில் இருந்து கச்சான் காற்று அடிக்கும்போது கதவு இடுக்கு எங்கே இருக்கிறது என்று காதே சொல்லிவிடும். ஒன்றைக் கவனியுங்கள்: ராமேஸ்வரம் போகும்போது ஒரு கதவு விசில் அடித்து, திரும்பும்போது மறு கதவு அடித்தால் இரண்டு கதவின் பீடிங்கும் (ஓரத்து ரப்பர்) போயிருக்கிறது.

ரூபாய் நோட்டு ஒன்றைக் கதவு இடுக்கில் வைத்து மூடி, இழுங்கள். தடையில்லாமல் வந்தால் அங்கே பீடிங் அழுத்தவில்லை. கதவைச் சுற்றி கையகலத்துக்கு ஒரு முறை இதைச் செய்யுங்கள். அப்புறம் மாஸ்கிங் டேப்பால் சந்தேகப்பட்ட இடுக்கை வெளியே ஒட்டி, ஒரு ஓட்டம் போங்கள். விசில் நின்றால் அந்த இடம்தான்.

பீடிங் நன்றாக இருந்தும் நோட்டு வழுக்கினால், கதவு பூட்டும் கொக்கியின் எதிர்த் துண்டை ஒரு நூல் (சுமார் 3 மில்லிமீட்டர்) உள்ளே தள்ளி முறுக்குங்கள். கீல் தேய்ந்து கதவு தொங்கினால் டிங்கரிடம் போக வேண்டும், பீடிங் மாற்றிப் பயனில்லை. புது பீடிங் வாங்கும்போது பழையதில் ஒரு துண்டை வெட்டி எடுத்துப் போய், வெட்டுமுகத்தைப் பொருத்திப் பார்த்து வாங்குங்கள். 'எல்லா வண்டிக்கும் ஒன்றுதான்' என்று கொடுக்கும் பீடிங் தடித்திருந்தால் கதவு மூடாது, மெலிந்திருந்தால் மறுபடியும் விசில்.

## பள்ளத்தில் கிடுகிடுக்கிறது

இதற்கு நேரம்தான் செலவு. சீட்டுக்கு அடியில் கிடக்கும் ஜாக்கி, ஸ்பேனர், டேஷ்போர்டு டப்பா எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிட்டு ஓட்டுங்கள். சத்தம் போனால் அவற்றைச் சாக்கில் சுற்றிக் கட்டுங்கள். கதவுக் கண்ணாடியைப் பாதி இறக்கிக் கையால் ஆட்டுங்கள். ஆடினால் கண்ணாடி ஓடும் சேனலின் ஃபெல்ட் தேய்ந்திருக்கிறது. பானட் ஓரத்து ரப்பர் கட்டைகளைத் திருகி உயர்த்தினால் பானட் தட்டுவது நிற்கும். நம்பர் பிளேட்டையும் மறக்காதீர்கள்.

பின்னால் இருந்து வரும் சத்தம் பெரும்பாலும் லோடு பாடியில் இருந்து. டாலா (லோடு பாடியின் திறக்கும் கதவு) கொக்கியும் சங்கிலியும் தட்டும், பழைய சைக்கிள் டியூபைச் சங்கிலியில் கோத்துவிடுங்கள். மீன் கிரேட்டுகள் கேபினின் முதுகுப் பக்கம் முட்டிக்கொண்டே வரும். பழைய டயரை வெட்டி நடுவில் கட்டினால் அது நிற்கும்.

கேபின் முழுவதுமே 'தொம்' என்று இடித்தால் கேபினைச் சேஸிஸ் மேல் தாங்கும் ரப்பர்களைப் பாருங்கள். அந்த ரப்பர் உட்காரும் தகடு இற்றிருந்தால், அல்லது கமான் பட்டாவில் முறிவு தெரிந்தால், அது உடனே கடைக்குப் போக வேண்டிய வண்டி. கழித்த ஆயிலை அடியில் அடித்தால் துருப் பிடிக்காது என்று இங்கே பலரும் அடிக்கிறார்கள். அந்த ஆயில்தான் ரப்பர் புஷ்களை ஊறவைத்துக் கெடுக்கிறது.

## எல்லாம் சரி, ஆனாலும் தகடு அதிர்கிறது

இங்கேதான் ஷீட் வருகிறது. விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். கூரை, கதவின் வெளித் தகடு, முதுகுத் தகடு, தரை. 'டங்ங்' என்று நீண்டு ஒலிக்கும் இடத்தில் மட்டும் ஒட்டினால் போதும். தகட்டின் நடுவில் கால் பங்கில் இருந்து பாதி வரை மூடினாலே அதிர்வு அடங்கிவிடும். முழுக்க ஒட்டுவது காசுக்கும் எடைக்கும் கேடு.

கேட்டு வாங்க வேண்டியது, அலுமினியத் தாள் பதித்த 2 மில்லிமீட்டர் பியூட்டைல் ஷீட். மொட்டை மாடிக்கு ஒட்டும் தார் ஷீட் மலிவாகக் கிடைக்கும், பார்க்கவும் அப்படியே இருக்கும். வேண்டாம். நம் ஊர் வெயிலில் வண்டி ஒரு பகல் நின்றால் கூரைத் தகட்டில் கை வைக்க முடியாது. தார் இளகி, கூரையில் இருந்து தலையில் விழும், வாடையும் போகாது.

தகட்டைத் துடைத்து, தின்னரால் எண்ணெய்ப் பிசுக்கை எடுத்து, முழுக்கக் காய்ந்த பிறகு ஒட்டி, ரோலரால் அழுத்துங்கள். அதன் மேல் மூடிய துளை (closed cell) ஃபோம். ஏசி குழாய்க்குச் சுற்றும் கறுப்பு நைட்ரைல் ஃபோம் இதற்கு நன்றாகப் பொருந்தும். தண்ணீரைக் குடிக்காது. கூரையில் இதைப் போட்டால் சத்தத்தோடு வெயிலும் குறையும், எனக்கு அதுவே பெரிய நிம்மதி.

கதவுக்குள் ஒட்டும்போது அடியில் உள்ள வடிகால் துளைகளை மூடாதீர்கள். கண்ணாடி இறங்கும் வழியில் ஷீட் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. உள் பிளாஸ்டிக் தாளைக் கழற்றினால் திரும்ப ஒட்டியே ஆக வேண்டும். கதவுக்குள் இறங்கும் மழைத் தண்ணீரை அதுதான் கேபினுக்குள் வரவிடாமல் தடுக்கிறது.

## தரை விரிப்பான மேட்டைத் தூக்கினால் ஈரவாடை

இந்தக் கடற்கரையில் இதுதான் முக்கியமான பகுதி. நான் முதல் முதலில் செய்தபோது குஷன் கடை ஃபோமைத் தரை முழுக்கப் போட்டு, மேலே ரெக்சின் ஒட்டினேன். சத்தம் உண்மையிலேயே குறைந்தது. அடுத்த மீன்பிடித் தடைக்காலத்தில் தூக்கிப் பார்த்தால் டிரைவர் காலுக்கு அடியில் தகடு அப்பளம் மாதிரி நொறுங்கியது. மீன் தண்ணீர் ஒட்டிய செருப்போடு ஏறி இறங்குகிறோம். உப்பு காற்றில் உள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், ஃபோம் அதைத் தகட்டோடு சேர்த்துப் பிடித்துக்கொள்ளும்.

ஆகவே தரைக்கு வேலை செய்ய நல்ல நேரம் தடைக்காலம், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. லோடு குறைவு, வெயில் அதிகம். சீட்டைக் கழற்றி, மேட்டை எடுத்து, தரையைக் கழுவுங்கள். போர் தண்ணீர் வேண்டாம். நம் ஊர்களில் பல இடங்களில் அதுவே உப்பு. குழாயில் வரும் காவிரித் தண்ணீர் இரண்டு குடம் எடுத்துக் கழுவுங்கள். அப்புறம் கதவைத் திறந்துபோட்டு இரண்டு முழு நாள் வெயிலில் காயவிடுங்கள்.

காய்ந்ததும் ஸ்க்ரூடிரைவர் முனையால் தகட்டை அழுத்திப் பாருங்கள்.

*மேல் துரு மட்டும் என்றால்:* கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, ரஸ்ட் கன்வெர்ட்டர் பூசி, காய்ந்த பின் எபாக்ஸி பிரைமர், அதன் மேல் பெயிண்ட். ரெட் ஆக்சைடு மட்டும் அடித்துவிட்டு விடாதீர்கள்.

*ஸ்க்ரூடிரைவர் உள்ளே போனால்:* டிங்கரிடம் விடுங்கள். இற்ற தகட்டை வெட்டி எடுத்துப் புதுத் தகடு பற்றவைக்க வேண்டும். துளை மேல் ஷீட் ஒட்டி மூடுவது தப்பு. வெல்டிங்குக்கு முன் பேட்டரியைக் கழற்றுங்கள், பக்கத்தில் உள்ள டீசல் குழாயையும் ஃபோமையும் எடுத்துவிடச் சொல்லுங்கள்.

*சீட் போல்ட்டோ சீட் பெல்ட் போல்ட்டோ உட்காரும் இடம் இற்றிருந்தால்:* நல்ல பாடி கடைக்குத்தான் போக வேண்டும். அது உயிர் சம்பந்தப்பட்ட இடம், தெருமுனை வெல்டிங் போதாது.

தகடு ஆரோக்கியமான பிறகு, நடுப்பகுதியில் பியூட்டைல் ஷீட். ஓரங்களும் வடிகால் மூடிகளும் தெரியும்படி விடுங்கள். அதன் மேல் தடித்த கனமான ரப்பர் மேட்டை ஒட்டாமல் விரித்து வையுங்கள். என்ஜின், டயர் இரைச்சலைத் தடுப்பது இந்த ரப்பரின் கனம்தான். ஒட்டாமல் இருந்தால் வாரம் ஒரு முறை தூக்கிக் காயவைக்கலாம். வாலிநோக்கம் பக்கம் உப்பு லோடு ஏற்றும் வண்டி என்றால் தரையில் ஃபோம் என்ற எண்ணத்தையே விட்டுவிடுங்கள், ஷீட்டும் ரப்பரும் போதும்.

## ஒட்டிய பிறகு புதுசாகக் கோளாறு

ஷீட் உரிகிறது. தகட்டில் எண்ணெய்ப் பசையோ ஈரமோ இருந்திருக்கும். சூடு காட்டி எடுத்து, துடைத்து, புதுத் துண்டு போடுங்கள்.

மழைக்குப் பிறகு கால் நனைகிறது. முன் கண்ணாடி ரப்பரின் கீழ் மூலையைப் பாருங்கள். ஒருவர் வெளியே கீழிருந்து மேலாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஹோஸ் பிடிக்க, நீங்கள் உள்ளே இருந்து பாருங்கள். மேலிருந்து தொடங்கினால் தண்ணீர் எங்கே நுழைந்தது என்று கண்டுபிடிக்க முடியாது.

இதுவரை கேட்காத புதுச் சத்தம். பெரிய இரைச்சல் அடங்கியதால் அதற்கு அடியில் இருந்த சின்னச் சத்தம் வெளியே தெரிகிறது. மேலே உள்ள தலைப்புகளில் பொருந்துவதைப் பிடித்துத் திரும்பத் தொடங்குங்கள்.

பின்னால் வரும் ஹாரன் மந்தமாகக் கேட்கிறது. ஆம்புலன்ஸ் சைரன் கேட்கும் அளவுக்கு ஓட்டுபவர் பக்கக் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி ஓட்டுங்கள். பாட்டுச் சத்தத்தை முன்னைவிடக் குறைத்து வையுங்கள்.

பிரேக் பெடலோ கிளட்ச் பெடலோ முழுக்க இறங்கவில்லை. மேட்டின் தடிமன் பெடலுக்கு அடியில் முட்டுகிறது. வண்டியை எடுக்காதீர்கள். பெடல் தரை வரை போகும் வழியை விட்டு மேட்டை வெட்டி, மேட் முன்னால் நகராதபடி இரண்டு இடத்தில் கிளிப் போட்டு, வண்டி நிற்கும்போதே மூன்று பெடலையும் கடைசி வரை மிதித்துப் பார்த்துவிட்டு எடுங்கள்.